நீனோவைப் பார்க்கக் கூடாது

பச்சோந்தி கிண்ணத்தில் வைத்த தண்ணீரைக் குடிக்காது என்று நான் அறிந்தபோது எனக்கு ஒன்பது வயது. இலையில் தொங்கும் துளியைத்தான் அது நக்கும். பக்கத்தில் கிண்ணம் நிறையத் தண்ணீர் இருந்தாலும், அது தண்ணீர் என்று தெரியாமலே தாகத்தில் செத்துப்போகும். இதைச் சொன்னவன் அம்மா வேலை செய்த வீட்டின் பையன். பள்ளிக்கூடத்தில் என்னைவிட ஐந்து வகுப்பு மேலே படித்தவன். அவன் இத்தாலியனில் சொல்லச் சொல்ல நான் அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். செத்துப்போகும் என்ற இடம் வந்ததும் அம்மாவின் கை என் தோளை இறுக்கிப் பிடித்தது.

பலெர்மோவுக்கு வந்து எத்தனையோ வருடமாகியும் அம்மாவின் இத்தாலியன் நாலு சொல்லைத் தாண்டவில்லை. "சி, சிஞோரா", "சுபித்தோ, சிஞோரா." ஆம் அம்மணி, உடனே அம்மணி. துடைக்கவும் தோய்க்கவும் அதற்கு மேல் என்னத்துக்கு என்பார். அப்பாவுடையது சமையலறை இத்தாலியன். ஸ்ஃபெர்ராகவால்லோவில் கடலோரத்து மீன் சாப்பாட்டுக் கடையில் கணவாய் கழுவுகிறவர் என்பதால் கடலில் உள்ள அத்தனைக்கும் அவருக்கு இத்தாலியப் பெயர் தெரியும். கரையில் உள்ளவற்றுக்குத் தெரியாது. ஆகவே பள்ளிக்கூடம், மருந்துக்கடை, விசா அலுவல் பார்க்கும் பொலிஸ் கந்தோரான குவெஸ்தூரா என்று எங்கே போனாலும் எங்கள் வீட்டின் வாய் நான்தான். அதில் எனக்குத் தலைகால் தெரியாத பெருமை.

ஒவ்வொரு ஆகஸ்டிலும் சிஞோரா குடும்பத்தோடு மலைப்பக்கம் போய்விடுவார். அம்மா போய் அந்த வீட்டுப் பூச்சாடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவார். அந்த வருடம் வீட்டுக்குத் தரை மாற்றினார்கள். தூசி பச்சோந்தியின் நெஞ்சுக்கு ஆகாதாம். நீனோ உங்கள் வீட்டில் இருக்கட்டுமா என்று சிஞோரா மிகவும் அன்பாகத்தான் கேட்டார். ஆனால் அம்மாவிடம் பதில் என்று இருந்தது ஒன்றே ஒன்று. "சி, சிஞோரா."

நீனோ என்பது அந்தப் பச்சோந்தியின் பெயர். என் முழங்கை நீளம், தலையில் ஒரு கொண்டை, ஒன்றையொன்று கண்டுகொள்ளாத இரண்டு கண்கள். ஒரு கண் முன்னால் பார்த்தால் மற்றது பின்னால் பார்க்கும். வலைக் கூண்டுக்குள் செடிக்கொப்பில் இருந்துகொண்டு, அடுத்த காலை எடுத்து வைப்பதா வேண்டாமா என்று ஆடி ஆடி யோசிக்கும்.

பையன் சொன்ன விதிகளை நான் தேவாரம் மாதிரிப் பாடமாக்கினேன். காலையில் விளக்குப் போட வேண்டும், பொழுதுபட அணைக்க வேண்டும். அது வெயிலுக்குப் பதிலான விளக்கு; அது இல்லாவிட்டால் எலும்பு ரப்பராகிவிடும். இலைகளுக்கு அடிக்கடி தண்ணீர் விசிற வேண்டும். உயிரோடு இருக்கிற சில்வண்டுகளை வெள்ளைப் பவுடரில் பிரட்டிப் போட வேண்டும். கையில் எடுத்து விளையாடக் கூடாது. கடைசியாக ஒன்று சொன்னான். பச்சையாக இருந்தால் சுகமாக இருக்கிறது, கறுத்தால் ஏதோ சரியில்லை. அந்தக் கடைசி விதிதான் என்னைப் பிடித்து ஆட்டியது.

ஏனென்றால் ஒக்டோபரில் எங்கள் பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. பெர்மெஸ்ஸோ என்பது இந்த நாட்டில் இருக்கிற அனுமதி. அதற்குச் சிஞோரா கொடுக்கும் வேலை ஒப்பந்தம் வேண்டும். பலெர்மோவின் சீசாப் பகுதியில் இருந்த ஒரு அன்ரி, வேலை வீட்டுப் பூனை யன்னலால் பாய்ந்து போனதற்காக நிறுத்தப்பட்ட கதையைப் பெரியவர்கள் குசுகுசுத்ததை நான் கேட்டிருந்தேன். பூனைக்கே அப்படியென்றால் பச்சோந்திக்கு? நீனோ செத்தால் வேலை போகும், வேலை போனால் பெர்மெஸ்ஸோ போகும், பெர்மெஸ்ஸோ போனால் நான் கண்ணாலும் கண்டிராத ஊருக்கு நாங்கள் மூன்று பேரும் விமானம் ஏற வேண்டும். இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானாகவே போட்ட கணக்கு. அம்மாவின் முகத்தைப் பார்த்தபோது விடை சரி என்றே பட்டது.

அல்பெர்கேரியாவில், பல்லாரோச் சந்தைக்குப் போகும் ஒழுங்கையில், மூன்றாம் மாடியில் எங்கள் வீடு. பல்கனிக் கதவோரம், அம்மாவின் கறிவேப்பிலைச் சாடிக்குப் பக்கத்தில் கூண்டை வைத்தோம். அப்பா வேலையால் வந்து அதைச் சுற்றிப் பார்த்தார். "வேலியாலை போன ஓணானைப் பிடிச்சுக் காதுக்குள்ளை விட்டிட்டு, குத்துது குடையுது எண்டு அழுத கதைதான் இது" என்றார்.

"ஓணான் இல்லையப்பா, பச்சோந்தி" என்றார் அம்மா. சிஞோரா வீட்டுப் பிராணிக்கு மரியாதை குறைந்துவிடக் கூடாது.

அந்தக் கிழமையே ஊரில் நல்லூர் முருகன் கோயிலில் திருவிழாக் கொடி ஏறியது. அங்கே கொடி ஏறினால் இங்கே எங்கள் வீட்டில் மீன், இறைச்சி, முட்டை ஒன்றும் படியேறாது. தேரும் தீர்த்தமும் முடியும்வரை மரக்கறிதான். பகல் முழுக்கக் கணவாயோடும் சாவாளையோடும் கிடக்கும் அப்பா, வீட்டுக்கு வந்ததும் சவர்க்காரம் கரையக் கரையக் குளித்துவிட்டு, பருப்பும் சோறும் தின்றுவிட்டுப் படுப்பார். சாமித் தட்டுக்கு முன்னால் அம்மாவின் தொலைபேசியில் திருவிழா ஓடிக்கொண்டிருக்கும். அப்படிப்பட்ட வீட்டில், ஒரு பிராணிக்கு முன்னால் உயிரோடு சில்வண்டைப் போட்டு அது நறுக்கென்று கடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பதா?

"கொடியேறின வீட்டிலை உயிர்க்கொலை நடக்க நான் விடன்" என்று அம்மா சொல்லிவிட்டார். வாழைப்பழம் வைத்தார். அவித்த பூசணி வைத்தார். ஊறவைத்த பயறுகூட வைத்தார். நீனோ ஒரு கண்ணால் பயறைப் பார்த்தது, மற்றக் கண்ணால் அம்மாவைப் பார்த்தது, பிறகு இரண்டையும் மூடிக்கொண்டது.

கீழ் வீட்டு அன்ரிதான் வழி சொன்னார். அவர் மன்னார் ஆள், வேதக்காரர். "இஞ்சை கொண்டு வாங்கோ. எங்கடை மாதா ஒண்டும் சொல்ல மாட்டா" என்றார். அன்றிலிருந்து நீனோவுக்கு மேல் மாடியில் வாசம், கீழ் மாடியில் சாப்பாடு என்றாகியது. மத்தியானத்தில் கூண்டின் ஒரு பக்கத்தை அம்மாவும் மறுபக்கத்தை நானும் பிடித்துப் படியிறங்குவோம். பாதி வழியிலேயே அன்ரி ஓடி வந்து அம்மாவின் கையிலிருந்து கூண்டைப் பறிப்பார். "நீ தூக்காதை எண்டு எத்தினை தரம் சொல்லுறது?" என்று அதட்டுவார். அயலட்டைக்குள் இப்படி ஒரு உபசாரமா என்று நான் நினைத்துக்கொள்வேன்.

சில்வண்டுப் பெட்டி அன்ரியின் குசினியில் இருந்தது. அதிலிருந்து தப்பிய இரண்டொன்று புனிதை சாந்தா ரொசாலியாவின் படத்துக்குப் பின்னால் குடியேறி, அன்ரி செபமாலை சொல்லும் நேரம் பார்த்துக் கத்தும். நீனோ சாப்பிடுவதைப் பார்க்கவோ சனம் கூடியது. ஞாயிறு பூசை முடிந்து வருகிறவர்கள், எங்கள் சனம், அவர்களின் பிள்ளைகள். எல்லாருக்கும் நிறம் மாறுவதைப் பார்க்க வேண்டும். ஒருவர் சிவப்புத் துவாயைப் பிடித்தார், ஒருவர் மஞ்சள் சட்டையைக் கழற்றிப் பிடித்தார், ஒரு மாமி ஊதாப் பட்டுச்சேலையோடு கூண்டை ஒட்டி நின்றார். துணியைப் பார்த்து நிறம் மாறாது, மனத்தைப் பொறுத்துத்தான் மாறும் என்று பையன் சொன்னதை நான் டீச்சர் மாதிரி விளக்கினேன். "அப்ப இவருக்கு மனமே இல்லைப் போலை" என்று ஒரு மாமா சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். அப்பா அதற்குச் சூரன் என்று பெயர் வைத்தார். முருகனோடு சண்டை பிடிக்கும்போது உருமாறி உருமாறித் தப்பியவன் அல்லவா.

பிறகு ஒரு காலை நான் எழும்பி வந்து பார்த்தால், சூரன் கறுத்திருந்தது.

முழுக் கறுப்பு இல்லை. பச்சை அழுக்காகி, அதன்மேல் கரும்புள்ளிகள். விளக்கைப் போட்டேன், தண்ணீர் விசிறினேன். ஒரு துளியை நக்கிவிட்டு வலையில் ஏறத் தொடங்கியது. ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. அவ்வளவு நிதானமான பிராணிக்கு எங்கிருந்து இந்த அவதி வந்ததென்று தெரியவில்லை. கூண்டின் அடித்தட்டில் இறங்கி நகத்தால் பிறாண்டியது. மத்தியானம் கீழே கொண்டுபோனோம். சில்வண்டு அதன் மூக்குக்கு நேரே நடந்து போனது. நீனோ நாக்கை நீட்டவில்லை. அடுத்த நாளும் இல்லை, அதற்கடுத்த நாளும் இல்லை.

பல் தீட்டுமுன் கூண்டுக்கு ஓடுவேன். சாப்பிட இருந்தால் பாதியில் எழும்பி ஓடுவேன். போய்ப் பார்த்தால் அம்மா ஏற்கெனவே அங்கே நிற்பார். அப்பா எழும்பினால் அவரும் வந்து நிற்பார். ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி நிற்பதுபோல மூன்று பேரும் அந்தக் கூண்டைச் சுற்றி நின்றோம். அது ஒரு கண்ணால் என்னைப் பார்க்கும்போது நான் தமிழிலும் இத்தாலியனிலும் மன்னிப்புக் கேட்பேன், எந்த மொழி அதற்கு விளங்குமோ என்று.

அம்மாவும் அந்த நாட்களில் சரியாகச் சாப்பிடவில்லை. அது நல்லூர் விரதம் என்று எனக்குத் தெரியும். காலையில் குளியலறையில் அவர் ஓங்காளித்துச் சத்தியெடுப்பது கேட்கும். வெறும் வயிற்றோடு இருந்தால் அப்படித்தான் என்று அன்ரி சொன்னார். முந்தின வருடம் அம்மா வயிற்றுக்குத்து என்று சில நாள் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்து, கன நாள் ஒருவரோடும் கதைக்காமல் இருந்தார். அப்போதும் அன்ரிதான் எங்களுக்குச் சமைத்துத் தந்தார். ஆகையால் சாப்பிடாமல் இருக்கிற எதைக் கண்டாலும் எனக்குப் பயம்தான்.

இதற்குள் சிஞோராவின் மகன் மலையிலிருந்து தினமும் செய்தி அனுப்பினான். நீனோ எப்படி, ஒரு படம் அனுப்பு. "சொல்லிப்போடுவம்" என்றார் அம்மா. "நாளைக்குச் சொல்லுவம்" என்றார் மறுபடி. அப்பாதான் யோசனை சொன்னார்: வந்த நாளில் நான் எடுத்துத் தள்ளிய பச்சைப் படங்கள் ஏராளம் இருந்தன, அதில் ஒவ்வொன்றாக அனுப்பலாம். அனுப்பினோம். ஒரு நாள் பையன் கேட்டான், ஏன் எப்போதும் அதே இலைக்குப் பக்கத்தில் இருக்கிறான்? அந்த இலை அவனுக்குப் பிடித்துப்போய்விட்டது என்று எழுதினேன். பையன் ஒரு இதயம் அனுப்பினான். அதைப் பார்க்க எனக்கு அழுகை வந்தது.

"இது நாவூறு" என்று அம்மா முடிவுகட்டினார். "வந்தவை போனவை எல்லாரும் கண் வைச்சுப் போட்டினம்." செத்தல் மிளகாயும் உப்பும் எடுத்து, கூண்டை மூன்று முறை சுற்றி, அடுப்பில் போட்டார். நாவூறு இருந்தால் மிளகாய் நெடிக்காது என்பது விதி. அது நெடித்த நெடியில் எங்கள் மூன்று பேருக்கும் மூச்சு முட்டியது. எதிர் பல்கனிக் கிழவி யன்னலை அடித்துச் சாத்தினார். நீனோ வாயை ஆவென்று பிளந்து நிலக்கரியாய்க் கறுத்தது. நான் கூண்டைப் பல்கனிக்கு இழுத்துப் போட்டேன். அப்பா இருமி முடித்துவிட்டு, "நெடிக்குதப்பா, அப்ப நாவூறு இல்லை" என்றார். அம்மா விடவில்லை. "இது ஊர் மிளகாயே? கலாப்ரியா மிளகாய். இதிலை ஒண்டும் பிடிபடாது."

அன்று மாலை நீனோ கூண்டின் அடியில் படுத்திருந்தது. பகலில் கண்ணை மூடினால் கூடாது என்று பையன் சொல்லியிருந்தான். கண் மூடியிருந்தது. வயிறு மட்டும் ஊதிப்போய் இரண்டு பக்கமும் முண்டு முண்டாகத் தெரிந்தது. நான் சத்தம் போட்டே அழுதேன். எனக்கு வேலையும் தெரியவில்லை, பெர்மெஸ்ஸோவும் தெரியவில்லை. அது சாகக் கூடாது, அவ்வளவுதான்.

பெராகோஸ்தோ விடுமுறைக் காலம். ஆகஸ்ட் நடுவில் பலெர்மோவில் நாயும் வேலை செய்யாது. பிராணிக் கடை பூட்டு, மிருக வைத்தியர் பூட்டு, எங்கும் இழுத்து மூடிய இரும்புக் கதவு. கீழ் வீட்டு அன்ரி கோயில் ஆட்களிடம் விசாரித்து, சீசாப் பக்கத்தில் ஒரு வைத்தியர் திறந்திருப்பதாகக் கண்டுபிடித்தார். அப்பா வேலைக்குப் போய்விட்டார். அந்த நாளில் கடலோரக் கடையில் ஆளுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. அம்மாவும் நானும் புறப்பட்டோம்.

யார் அதைத் தூக்குவது? அதுவரை அம்மா அதைத் தொட்டதே இல்லை. சேலைத் துணியைக் கையில் சுற்றிக்கொண்டு உள்ளே நீட்டினார். நீனோ ஒரு கண்ணைத் திறந்தது. மெல்ல மெல்ல, யோசித்து யோசித்து, அந்தக் கையில் ஏறிப் பிடித்துக்கொண்டது. அப்படியே வெங்காயக் கூடைக்குள் வைத்து மேலே துணியைப் போட்டு அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டார். தரிப்பிடத்தில் பஸ் வரக் காணோம். வெயில் மண்டையைப் பிளந்தது. அம்மா சுவரைப் பிடித்துக் குனிந்து சத்தியெடுத்தார், கூடையைச் சாய்க்காமல். "விரதம் பிள்ளை, ஒண்டுமில்லை" என்றார். பஸ்ஸில் ஒரு பெண் கூடைக்குள் என்ன என்று கேட்டார். பூனை என்றேன்.

வைத்தியர் இளம்பெண். டொத்தோரெஸ்ஸா என்று கூப்பிட்டேன். சுருட்டை முடியை ஒரு பேனாவால் குத்திக் கட்டியிருந்தார். நீனோவை மேசையில் விட்டு, பின்னங்கால் குதியைப் பார்த்தார், வயிற்றைத் தடவினார், விளக்கைப் பிடித்தார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நீனோ என்று யார் பெயர் வைத்தது? இது பெண். வயிறு நிறைய முட்டை."

நான் அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

டொத்தோரெஸ்ஸா நிறுத்தி நிறுத்திச் சொன்னார், நான் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தார். ஆண் துணை இல்லாமலும் இவை முட்டையிடும். அந்த முட்டைக்குள் குஞ்சு இருக்காது, ஆனாலும் இட்டே ஆக வேண்டும். இடுவதற்கு ஆழமான ஈர மண் வேண்டும், அதைத் தேடித்தான் இத்தனை நாளும் பிறாண்டியது. இன்னொன்று. யாரும் பார்க்கக் கூடாது. தன்னை ஒரு கண் பார்க்கிறது என்று கண்டால் இந்த இடம் ஆபத்து என்று நினைத்து முட்டையை இடாமல் உள்ளேயே அடக்கி வைத்திருக்கும். அடக்கினால் செத்துப்போகும். நீங்கள் இதை எந்த நேரமும் பார்த்துக்கொண்டிருந்தீர்களா என்று கேட்டார்.

மூன்று பேர் முறை வைத்துப் பார்த்ததையும், ஊதாப் பட்டுச்சேலை மாமியையும் எப்படிச் சொல்வது? அம்மாவிடம் சொன்னபோது அவர் முகத்தில் வந்தது கவலை இல்லை, வெற்றி. "நான் சொன்னனான். கண்ணூறு எண்டு."

அதோடு போய்விடலாம் என்று நான் எழும்பினேன். அம்மா எழும்பவில்லை.

"பிள்ளை, டொக்டரிட்டை ஒண்டு கேள். தாய் எந்த நேரமும் பயந்துகொண்டு இருந்தா, வயித்திலை இருக்கிறதுக்கு ஏதும் ஆகுமோ எண்டு."

கேட்டேன். ஆனால் டொத்தோரெஸ்ஸா பதில் சொல்லுமுன் அம்மா மறுபடி சொன்னார். "போன முறை ஒருக்கால் அழிஞ்சு போச்சு எண்டால், இந்த முறையும் அப்பிடி ஆகுமோ எண்டும் கேள்."

எனக்கு எரிச்சல் வந்தது. "போன முறை என்ன நடந்தது எண்டு எங்களுக்குத் தெரியாதே அம்மா. அது அந்தப் பெடியனுக்குத்தான் தெரியும்."

"நீ கேள் பிள்ளை."

கேட்டேன். டொத்தோரெஸ்ஸா கையுறையைக் கழற்றினார். நீனோவைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்தார். அம்மாவுக்கு விளங்காது என்று தெரிந்தும் அவரிடமே மெதுவாகச் சொன்னார். ஒருமுறை அப்படி ஆனால் மறுமுறையும் ஆகும் என்றில்லை. பெரும்பாலும் ஆகாது. நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், ஆறுதலாக இருக்க வேண்டும், பாரம் தூக்கக் கூடாது. தனியே பயப்பட்டுக்கொண்டு இருக்கக் கூடாது. நான் ஒரு சொல்லும் தவறாமல் சொன்னேன். அம்மா ஒவ்வொன்றுக்கும் "ஓம், ஓம்" என்று தலையாட்டினார். டொத்தோரெஸ்ஸா உள்ளே போய் ஒரு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து அம்மாவிடம் கொடுத்து, அவர் குடித்து முடிக்கும்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். மேசையில் நீனோ கவனிப்பார் இல்லாமல் கிடந்தது. என்ன வைத்தியர் இவர் என்று நினைத்தேன்.

எங்கள் வீட்டில் ஆழமான ஈர மண் இருந்தது ஒரே இடத்தில்தான். கட்டானியாவில் இருந்து ஒருவர் கொண்டுவந்து தந்த கன்று, அம்மா குளிர்காலத்தில் போர்வை சுற்றி வளர்த்த கறிவேப்பிலை. அம்மா யோசிக்காமல் அந்தச் சாடியையே ஒதுக்கினார். வந்ததும் வராததுமாக நீனோவைச் சாடிக்குள் விட்டு, மேலே கூண்டைக் கவிழ்த்து, அதைச் சுற்றித் தன் பழைய சேலையைக் கட்டினார். "இனி ஒருத்தரும் அந்தப் பக்கம் பாக்கக்கூடாது" என்றார்.

நாங்கள் முதுகைத் திருப்பிக்கொண்டு வாழ்ந்தோம். சோறு தின்னும்போது சுவரைப் பார்த்தோம். உடுப்புக் காயவிட அம்மா பல்கனிக்குப் பின்னோக்கி நடந்து போனார். கேட்டுக்கொண்டு வந்த சனத்தை அன்ரி கீழேயே மறித்துத் திருப்பி அனுப்பினார். பல்லாரோவில் மீன்காரன் கூவாத இடைவெளிகளில் சேலைக்குப் பின்னால் மண் சரசரப்பது கேட்கும். கேட்டால் உயிரோடு இருக்கிறது. கேட்காவிட்டால் காதைச் சேலைப் பக்கம் சாய்த்துக்கொண்டு காத்திருப்பேன். பார்ப்பதைவிடப் பார்க்காமல் இருப்பதுதான் கஷ்டம் என்று அப்போது கண்டேன்.

பிறகு ஒரு பின்னேரம், சேலையின் விளிம்புக்கு மேலாக ஒரு கொண்டை எட்டிப் பார்த்தது. மூக்கிலும் கண் மடலிலும் மண். வயிறு ஒட்டி, எலும்பு தெரிந்தது. ஆனால் பச்சை. கறிவேப்பிலை நிறத்துக்கே பச்சை. நான் தண்ணீர் விசிறினேன். அது விடாமல் நக்கியது, நக்கியது, நக்கிக்கொண்டே இருந்தது. அம்மா தரையில் குந்தி முகத்தை மூடிக்கொண்டு அழுதார். ஒரு பச்சோந்திக்காக அம்மா இப்படி அழுவார் என்று நான் நினைத்திருக்கவில்லை. அப்பா சாடியைக் கிளறிப் பார்த்தார். "கொடியேறின வீட்டுக்குள்ளை முட்டை" என்றார். அதற்கு அம்மா சிரித்துவிட்டார்.

சிஞோரா திரும்பி வந்ததும் அம்மா எல்லாவற்றையும் என்னைக்கொண்டு சொல்வித்தார், பழைய படங்களையும் சேர்த்து. பையன்தான் ஆடிப்போனான், நீனோ நீனாவானதை அவனால் கன நாள் ஒத்துக்கொள்ள முடியவில்லை. சிஞோரா அம்மாவைக் கட்டிக்கொண்டார். வேலை இருந்தது, ஒக்டோபரில் பெர்மெஸ்ஸோவும் வந்தது. நான் போட்ட பயங்கரக் கணக்கு பிழையாகிப்போனது. மார்ச் மாதம் எனக்கு ஒரு தம்பி பிறந்தான். பிள்ளைகளுக்கு இப்படித்தான் திடீரென்று தம்பி கிடைக்கும் என்று நானும் விசாரிக்காமல் எடுத்துக்கொண்டேன்.

இப்போது தம்பி என்னைவிட உயரம். போன மாதம், புதிதாக ஊரிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு மொழிபெயர்க்கப் பெண்கள் வைத்தியரிடம் கூடப் போனேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "போன முறை ஒருக்கால் அழிஞ்சு போச்சு அக்கா, இந்த முறையும் அப்பிடி ஆகுமோ எண்டு கேளுங்கோ" என்றாள். நான் வாயைத் திறந்தேன். இத்தாலியன் வரவில்லை. அந்த வசனத்தை நான் ஏற்கெனவே ஒருமுறை மொழிபெயர்த்திருக்கிறேன்.

அம்மாவிடம் இத்தாலியன் பேசும் வாய் ஒன்றுதான் இருந்தது. அதற்கு ஒன்பது வயது. முந்தின வருடம் ஆஸ்பத்திரியில் தனக்கு என்ன நடந்தது என்று கேட்கவும் ஆளில்லை, இனி என்ன நடக்கும் என்று கேட்கவும் ஆளில்லை. மூன்று மாதம் ஆகுமுன் வெளியே சொன்னால் கண்படும். அதைவிட, மகளைக்கொண்டு கேட்கிற கேள்வியா அது? அதை அம்மா நெஞ்சுக்குள் அடக்கி வைத்துக்கொண்டு, கேட்க ஒரு இடம் கிடைக்காமல் திரிந்திருக்கிறார். கடைசியில் ஒரு பச்சோந்தியை முன்னால் வைத்துக் கேட்டார்.

அன்று சீசாவிலிருந்து திரும்பும்போது பஸ் இல்லை. நடந்தே வந்தோம். பாரம் தூக்கக் கூடாது என்று டொத்தோரெஸ்ஸா சொன்னாரே, பச்சோந்தி அப்படி என்ன பாரத்தைத் தூக்கப் போகிறது என்று வழி முழுக்க நான் யோசித்துக்கொண்டு வந்தேன். கூடையை அம்மாதான் தூக்கிக்கொண்டு வந்தார்.